எந்த மேசையில் அமர்வது?

லாஸ் வேகாஸ் நகரத்துக்குச் செல்லும் பிரயாணி அங்குள்ள பெரிய ஹோட்டல்களில் எதில் தங்கினாலும், தம் அறைக்குப் போவதற்கோ, உணவருந்துவதற்கோ, வெளியே வீதிக்கு வருவதற்கோ பெரும்பாலும் சூதாட்டக் கூடத்தின் ஊடாகவே நடந்தாக வேண்டியிருக்கிறது. ஆகையால் ஆடும் உத்தேசமே இல்லாமல் போனவர்களும் ஒரு மாலை வேளையிலாவது ஏதேனும் ஒரு மேசையின் அருகில் நின்றுவிடுவது சகஜம். ஆடலாமா கூடாதா என்ற கேள்விக்கு வள்ளுவர் ஓர் அதிகாரம் முழுவதிலும் விடை சொல்லியிருக்கிறார்; அந்தத் தீர்ப்பை மாற்றும் எண்ணம் எனக்கில்லை. ஆயினும், ஆடுவதென்று தீர்மானித்துவிட்ட ஒருவர், தாம் கொடுக்கப்போகும் விலை இன்னதென்று அறியாமலே நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அமர்வதைக் காணும்போது எனக்கு உண்மையாகவே வருத்தம் உண்டாகிறது. ஏனெனில், ஒரே கூரையின் கீழ், பத்தடி தூரத்துக்குள், ஓர் ஆட்டத்தின் விலை மற்றோர் ஆட்டத்தின் விலையைப்போல் பத்து மடங்காகவும் இருபது மடங்காகவும் இருக்கிறது.

விலை என்று நான் சொல்வது என்னவென்பதை ரூலெட் சக்கரத்தைக் கொண்டு விளங்கிக்கொள்வது சுலபம். ஐரோப்பியச் சக்கரத்தில் 1 முதல் 36 வரையுள்ள எண்களுக்கும் ஒரு பூஜ்யத்துக்குமாக 37 குழிகள் இருக்கின்றன. குழிக்கு ஒரு டாலர் வீதம் 37 டாலரை ஒருவர் பரப்பி வைத்தாரானால், பந்து எங்கே விழுந்தாலும் அவருக்கு ஒரு டாலருக்கு 35 டாலர் பரிசும், வைத்த டாலரும் சேர்ந்து 36 டாலர் திரும்பி வரும். ஒரு டாலர் விடுதியிடம் தங்கிவிடும். 37-இல் ஒன்று, அதாவது நூற்றுக்கு 2.70, இந்த ஆட்டத்தின் விலை. பூஜ்யம் ஒன்று இருக்கிறது என்பதைச் சக்கரத்தில் காட்டிவிட்டு, அது இல்லாததுபோல் பரிசைக் கொடுக்கும் இந்த ஏற்பாட்டிலேயே விடுதியின் லாபம் முழுவதும் அடங்கியிருக்கிறது. இதற்குமேல் மோசடி எதுவும் அதற்குத் தேவையில்லை. அமெரிக்கச் சக்கரத்தில் இரட்டைப் பூஜ்யம் என்று இன்னொரு குழி கூடுதலாக இருப்பதால் குழிகள் 38 ஆகின்றன, பரிசோ அதே 35 தான். ஆகவே விலை நூற்றுக்கு 5.26 ஆக ஏறிவிடுகிறது. அண்மைக் காலத்தில் லாஸ் வேகாஸின் பிரதான வீதியிலுள்ள சில விடுதிகள் மூன்றாவது பூஜ்யம் ஒன்றையும் சேர்த்துவிட்டன. அந்தச் சக்கரத்தில் விலை 7.69. நிறத்திலும் அழகிலும் மூன்று சக்கரங்களும் ஒன்றுபோலவே சுழல்கின்றன. ஆகையால் அருகில் சென்று பூஜ்யங்களை எண்ணிப் பார்த்த பிறகே பணத்தை எடுக்க வேண்டும்.

மான்டி கார்லோவில் பிரெஞ்சு முறைப்படி ஆடும் மேசைகளில் இதைவிட நல்ல நிபந்தனை ஒன்று உண்டு. சிவப்பு, கறுப்பு, ஒற்றை, இரட்டை போன்ற சமபந்தயங்களில் பணம் வைத்திருக்கும்போது பந்து பூஜ்யத்தில் விழுந்தால், முழுப் பணயத்தையும் வாரிக்கொள்ளாமல் பாதியைத் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். அதனால் அந்தப் பந்தயங்களின் விலை 1.35 ஆகக் குறைகிறது. இதற்கு ஒரு பூர்வ சரித்திரம் இருக்கிறது. பிரான்சுவா பிளான் என்பவரும் அவர் சகோதரரும் 1840-களில் ஜெர்மனியிலுள்ள ஹோம்பர்க் என்ற ஊரில் சூதாட்ட விடுதி நடத்தியபோது, மற்ற இடங்களிலெல்லாம் இரண்டு பூஜ்யங்களோடு சுழன்றுகொண்டிருந்த சக்கரத்திலிருந்து ஒன்றை நீக்கி, ஆட்டத்தின் விலையைக் குறைத்து, அந்த ஒன்றைக் கொண்டே ஐரோப்பாவின் தனவந்தர்களைத் தங்கள் பக்கம் இழுத்தார்கள். 1863-இல் மான்டி கார்லோவின் பொறுப்பை அதே பிரான்சுவா பிளான் ஏற்றார். அன்றைய ஆட்டக்காரர்கள் விலையைப் பார்த்து விடுதியைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பதை இதனால் அறிகிறோம். இன்று மூன்று பூஜ்யச் சக்கரத்தைச் சுற்றிலும் கூட்டம் நிற்கிறதென்றால், அந்தப் பழக்கம் நம்மிடையே அருகிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

ரூலெட்டைப் பற்றி இன்னும் ஒரு விஷயம். தோற்கும் ஒவ்வொரு முறையும் பணயத்தை இரட்டித்துக்கொண்டே போனால் என்றாவது ஒருநாள் வென்று நஷ்டத்தையெல்லாம் ஈடுசெய்துவிடலாம் என்ற யுக்தியைத் தாமே கண்டுபிடித்ததாக எண்ணி வருபவர் அநேகர். பத்து டாலரில் தொடங்கி ஏழு முறை தோற்றவர் 1,270 டாலரை இழந்திருப்பார். பத்து டாலர் லாபத்துக்காக எட்டாம் முறை 1,280 டாலர் வைக்க வேண்டும். அதற்குள் மேசையின் உச்சவரம்பு குறுக்கே வந்து நிற்கும். இரட்டைப் பூஜ்யச் சக்கரத்தில் ஏழு முறை தொடர்ந்து தோற்பது ஏறக்குறைய தொண்ணூறில் ஒரு தடவை நேரக்கூடியது. ஒரே இரவில் அது நேர்ந்துவிடலாம். 1913 ஆகஸ்டு 18-ஆம் தேதி மான்டி கார்லோவில் பந்து 26 தடவை தொடர்ந்து கறுப்பிலேயே விழுந்தது. இனிமேல் சிவப்புதான் வந்தாக வேண்டும் என்று நம்பி, பதினைந்தாம் தடவைக்குப் பிறகு பணத்தைக் குவித்தவர்கள் லட்சக்கணக்கான பிராங்குகளை இழந்தார்கள். சக்கரத்துக்கு ஞாபகம் கிடையாது. முன் சுற்றில் நடந்தது எதுவும் பின் சுற்றைக் கட்டுப்படுத்துவதில்லை.

ஞாபகமுள்ள ஆட்டம் ஒன்று இருக்கிறது, அது 21-ஐத் தாண்டாமல் அதை நெருங்க முயலும் பிளாக்ஜாக். கட்டிலிருந்து ஒரு சீட்டு வெளியே வந்துவிட்டால், மறுபடி கலைத்துப் போடும்வரையில் அது திரும்ப வராது. ஆகவே போனது வருவதைப் பாதிக்கிறது. நளன் சரிதத்தில் இருதுபர்ணன் என்ற அரசன் தான்றி மரத்தின் கிளையிலுள்ள இலைகளையும் காய்களையும் நொடியில் கணக்கிட்டுச் சொல்வதும், எண்ணும் அந்த வித்தையோடு சூதின் மர்மத்தையும் நளனுக்கு உபதேசிப்பதும் நமக்குத் தெரிந்த கதை. எண்ணத் தெரிந்தவனே ஆடத் தெரிந்தவன் என்ற உண்மை அவ்வளவு தொன்மையானது. தற்காலத்தில் அந்த வித்தையைப் பிளாக்ஜாக்குக்குக் கொண்டுவந்தவர்கள் அமெரிக்க ராணுவத்தில் பணியாற்றிய நால்வர்: ரோஜர் பால்ட்வின், வில்பர்ட் கான்டி, ஹெர்பர்ட் மைசல், ஜேம்ஸ் மெக்டெர்மாட். மேசைமீது வைத்து இயக்கும் சாதாரணக் கணக்குப் பொறிகளின் உதவியாலேயே, ஆட்டக்காரர் கையிலுள்ள ஒவ்வொரு தொகைக்கும், சீட்டுப் போடுபவர் திறந்து காட்டும் ஒவ்வொரு சீட்டுக்கும் உரிய சரியான செய்கை எது என்று கணக்கிட்டு 1956-இல் புள்ளியியல் சஞ்சிகை ஒன்றில் வெளியிட்டார்கள். எட்வர்ட் தோர்ப் என்ற கணிதப் பேராசிரியர் பெரிய கணிப்பொறியைக் கொண்டு அதை விரிவாக்கி, வெளியே போன சீட்டுகளை எண்ணி வைத்துக்கொள்வதால் ஆட்டக்காரருக்கே அனுகூலம் உண்டாகும் சமயங்கள் இருக்கின்றன என்பதை நிரூபித்து, 1962-இல் நூலாக வெளியிட்டார்.

எண்ணும் வித்தை எல்லோருக்கும் கைவராது. நெவாடா மாநிலத்தில் எண்ணுகிறார் என்று சந்தேகப்பட்டாலே விடுதிக்காரர்கள் அவரை ஆட விடாமல் வெளியேற்றிவிடலாம். நியூஜெர்சி மாநிலத்தில் மட்டும் அப்படி விலக்க இடமில்லை என்று அங்குள்ள உச்ச நீதிமன்றம் கென் அஸ்டன் என்ற ஆட்டக்காரரின் வழக்கில் 1982-இல் தீர்ப்பளித்தது. ஆனால் எண்ணாமலே, அந்த நால்வர் வகுத்த முறையை மட்டும் கடைப்பிடித்தால், நல்ல நிபந்தனைகளுள்ள மேசையில் விலை நூற்றுக்கு ஏறக்குறைய அரைதான். இது யாராலும் ஆகக்கூடிய காரியம். முறையின் சாரம் இது: கையில் 12 முதல் 16 வரை இருந்து, எதிரே 7 அல்லது அதற்கு மேற்பட்ட சீட்டு தெரிந்தால், பயமில்லாமல் இன்னொரு சீட்டு கேட்க வேண்டும், எதிரே 2 முதல் 6 வரை தெரிந்தால் நிறுத்திக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அந்தச் சீட்டுகளோடு தொடங்குபவர் 21-ஐத் தாண்டித் தோற்பது அதிகம், இதில் 12 மட்டும் 2-க்கும் 3-க்கும் எதிரே விதிவிலக்காக ஒரு சீட்டு கேட்கத்தக்கது. ஆஸ் இல்லாத 17 வந்துவிட்டால் அதோடு நிற்க வேண்டும். ஆஸும் ஆறும் சேர்ந்த 17-இல் ஒருபோதும் நிற்கலாகாது. இரண்டு ஆஸ்களையும் இரண்டு எட்டுகளையும் எப்போதும் பிரித்து ஆட வேண்டும். இரண்டு பத்துகளையும் இரண்டு ஐந்துகளையும் ஒருபோதும் பிரிக்கக்கூடாது. கையில் 11 இருந்து எதிரே ஆஸ் தவிர வேறு எது தெரிந்தாலும், 10 இருந்து எதிரே 9 வரை தெரிந்தாலும் பணயத்தை இரட்டிக்க வேண்டும். மற்ற நுட்பங்களெல்லாம் அட்டவணையாக அச்சிட்ட சிறு அட்டையில் கிடைக்கும்; அந்த அட்டையை மேசையில் கையில் வைத்துக்கொண்டு பார்த்து ஆடுவதை விடுதிகள் பொதுவாக ஆட்சேபிப்பதில்லை. வெட்கப்பட்டு அதைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொள்பவர் அந்த வெட்கத்துக்கு வீணாக விலை கொடுக்கிறார்.

நல்ல நிபந்தனைகளுள்ள மேசை என்றேனே, அதை அடையாளம் காண்பதுதான் இந்த அத்தியாயத்தில் வாசகர் அவசியம் மனத்தில் பதித்துக்கொள்ள வேண்டிய பகுதி. முதல் இரண்டு சீட்டிலேயே ஆஸும், பத்து அல்லது படச்சீட்டும் சேர்ந்து வந்தால், பழைய வழக்கப்படி இரண்டுக்கு மூன்று என்ற விகிதத்தில் பரிசு கொடுப்பார்கள். பத்து டாலர் வைத்தவருக்குப் பதினைந்து. இப்போது பல மேசைகளில், முக்கியமாகக் குறைந்த பணயத்தில் ஆடுவோருக்கென்று ஒதுக்கிய மேசைகளில், ஐந்துக்கு ஆறு என்று மாற்றிவிட்டார்கள். பத்து டாலருக்குப் பன்னிரண்டுதான். மூன்று டாலர் வித்தியாசம் அற்பமாகத் தோன்றலாம். ஆனால் பிளாக்ஜாக் என்றே பெயர்பெற்ற அந்தச் சேர்க்கை ஏறக்குறைய இருபத்தொரு ஆட்டத்துக்கு ஒரு முறை வருகிறபடியால், இந்த ஒரு மாற்றம் மட்டுமே விலையில் நூற்றுக்கு 1.4 வரை கூட்டிவிடுகிறது. அரையாக இருந்த விலை இரண்டை நெருங்குகிறது. இந்த விகிதம் மேசை விரிப்பின் மேலேயே எழுதப்பட்டிருக்கும். அதற்கு அடுத்தபடியாக, சீட்டுப் போடுபவர் ஆஸ் சேர்ந்த 17-இலும் நிற்க வேண்டுமா, இன்னொரு சீட்டு எடுக்க வேண்டுமா என்பதும் விரிப்பிலேயே காணப்படும். அவர் எடுப்பதானால் நமக்கு 0.2 வரை நஷ்டம். சீட்டுப் போடுபவருக்கு ஆஸ் தெரியும்போது இன்ஷூரன்ஸ், அதாவது அவர் கையில் பிளாக்ஜாக் இருக்கும் என்ற தனிப் பந்தயம், வேண்டுமா என்று கேட்பார்கள். ஆறு கட்டுச் சீட்டில் அந்தப் பந்தயத்தின் விலை நூற்றுக்கு 7.4 ஆகையால், எண்ணத் தெரியாதவர் அதை எப்போதும் மறுத்துவிட வேண்டும். நம் கையிலேயே பிளாக்ஜாக் இருக்கும்போது அதைக் காப்பாற்றிக்கொள்ளும்படி பக்கத்தில் இருப்பவர் நல்லெண்ணத்தோடு யோசனை சொன்னாலும் இதே பதில்தான்.

கணக்கில் மனம் செல்லாதவர்களுக்கு, ஒரு முடிவும் எடுக்க வேண்டாத பக்கராவைச் சிபாரிசு செய்வேன்; பாங்கர், பிளேயர் என்ற இரு பக்கங்களில் எது வெல்லும் என்று பணம் வைப்பதே ஆட்டம். மக்காவு விடுதிகளின் வருமானத்தில் பெரும்பகுதியைத் தருவது இந்த ஆட்டம்தான். மூன்றாவது சீட்டு எப்போது எடுப்பது என்பதுகூட விதியால் நிச்சயிக்கப்பட்டிருப்பதால், இருபது வருஷம் ஆடினவரும் இன்றைக்கு வந்தவரும் இதில் சமமே. பாங்கர் பக்கத்தில் வைத்தால், வென்ற பணத்தில் நூற்றுக்கு 5 கமிஷன் கழித்தும், விலை 1.06, பிளேயர் பக்கத்தில் 1.24, சமநிலையில் முடியும் என்று பந்தயம் கட்டினால், எட்டு மடங்கு பரிசு என்ற கவர்ச்சிக்குப் பின்னே 14.4. கமிஷன் இல்லாத பக்கரா என்று விளம்பரம் செய்யும் மேசைகளில், பாங்கர் 6 என்ற தொகையால் வென்றால் பாதிதான் கொடுக்கிறார்கள். அதனால் விலை 1.46 ஆகிறது. முன் ஆட்டங்களின் முடிவுகளை வட்டம் வட்டமாகக் குறித்துக்கொள்ள அச்சிட்ட தாளும் பேனாவும் விடுதியே இனாமாகத் தருவது, அந்தக் குறிப்பினால் விடுதிக்கு ஒரு தீங்கும் இல்லை என்பதனால்தான்.

இரண்டு பகடைகளை உருட்டி ஆடும் கிராப்ஸ் மேசையைச் சுற்றி எழும் கூச்சலைக் கண்டு நம்மவர்களில் பலர் ஒதுங்கிப் போய்விடுகிறார்கள். அது பரிதாபம், ஏனெனில் அந்தக் கூடத்திலேயே விலையில்லாத பந்தயம் ஒன்று அங்கேதான் இருக்கிறது. பாஸ் லைன் என்ற கோட்டில் பணம் வைத்து, முதல் உருட்டில் 7 அல்லது 11 விழுந்தால் வெற்றி. 2, 3, 12 விழுந்தால் தோல்வி. வேறு எண் விழுந்தால், 7 விழுவதற்கு முன் அதே எண் மறுபடி விழ வேண்டும். இதன் விலை 1.41. எண் நிச்சயமான பிறகு, அந்தப் பணயத்துக்குப் பின்னால் கூடுதலாக ஒரு தொகையை வைக்க அனுமதிக்கிறார்கள். இதற்கு ஆட்ஸ் என்று பெயர். நான்கு என்பது முப்பத்தாறு சேர்க்கைகளில் மூன்று விதமாகவும், ஏழு ஆறு விதமாகவும் விழும். ஆகவே நான்குக்கு நியாயமான பரிசு இரண்டு மடங்கு, கொடுப்பதும் சரியாக இரண்டு மடங்குதான். ஐந்துக்கும் ஒன்பதுக்கும் இரண்டுக்கு மூன்று, ஆறுக்கும் எட்டுக்கும் ஐந்துக்கு ஆறு. எதிலும் விடுதி ஒரு சல்லிகூடப் பிடித்துக்கொள்வதில்லை. இந்தப் பந்தயத்துக்கு மேசை விரிப்பில் தனியாக இடமே வரையப்பட்டிருப்பதில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். நடுவே பெரிய எழுத்தில், வண்ணப் படங்களோடு வரையப்பட்டிருக்கும் பந்தயங்களோ மிகவும் கொடியவை: அடுத்த உருட்டிலேயே ஏழு விழும் என்பதற்கு விலை 16.67, பன்னிரண்டு விழும் என்பதற்கு 13.89. எனவே சிறிய தொகையைக் கோட்டில் வைத்து, மிச்சத்தை ஆட்ஸாக அதன் பின்னால் வைப்பதே விவேகமான முறை.

ஸ்லாட் மெஷின்களைப் பற்றி நான் கடுமையாகவே எழுத நேர்கிறது. மேசை ஆட்டங்களின் விலையை, விதிகளைத் தெரிந்துகொண்டு, காகிதமும் பென்சிலும் கொண்டு யாரும் கணக்கிட்டுவிடலாம். இந்த இயந்திரங்களின் விலையை அப்படிக் கணக்கிட வழியே இல்லை. 1984-இல் டெல்னேஸ் என்பவர் பெற்ற காப்புரிமைக்குப் பின்னர், கண்ணாடிக்குள்ளே சுழலும் சக்கரத்தில் எத்தனை சித்திரங்கள் தெரிகின்றனவோ அதற்கும், பரிசு விழும் சாத்தியக்கூறுக்கும் சம்பந்தமில்லாமல் போய்விட்டது. உள்ளேயுள்ள கணிப்பொறி எண்ணைத் தேர்ந்த பிறகு, சக்கரம் அந்த எண்ணுக்குரிய இடத்தில் வந்து நிற்கிறது. பெரிய பரிசுக்கு ஒரு கட்டம் தள்ளி நின்றுவிட்டது, மயிரிழையில் தவறிவிட்டது என்று மனம் பதைப்பதெல்லாம் அந்த ஏற்பாட்டின் விளைவேயன்றி உண்மையில் அருகில் வந்ததற்கு அடையாளமன்று. நெவாடாவின் விதி, போட்ட பணத்தில் நூற்றுக்கு 75-ஐயாவது திருப்பித் தர வேண்டும் என்கிறது. நியூஜெர்சியின் விதி 83 என்கிறது. நடைமுறையில் அதைவிட அதிகமே திரும்பி வந்தாலும், அருகருகே நிற்கும் ஒரே தோற்றமுடைய இரண்டு இயந்திரங்கள் வெவ்வேறு விலைக்கு அமைக்கப்பட்டிருக்கலாம் என்பதால், வெளியே நிற்பவருக்கு எதுவும் தெரியப்போவதில்லை.

இயந்திரத்தில்தான் ஆட வேண்டும் என்ற ஆசையுள்ளவர் வீடியோ போக்கரை நாடலாம். அங்கே விலை திரையிலேயே எழுதியிருக்கிறது, வாசிக்கத் தெரிய வேண்டும். ஜாக்ஸ் ஆர் பெட்டர் என்ற வகையில், பரிசு அட்டவணையில் ஃபுல் ஹவுஸுக்கு 9, ஃப்ளஷுக்கு 6 என்று இருந்தால், குற்றமில்லாமல் ஆடுபவருக்கு நூற்றுக்கு 99.54 திரும்புகிறது, 8, 5 என்று இருந்தால் 97.30 மட்டுமே. ஆனால் அந்த 99.54 என்பதில், ஏறக்குறைய 40,000 ஆட்டத்துக்கு ஒரு முறை வரும் ராயல் ஃப்ளஷின் முழுப் பரிசும் அடங்கியிருப்பதால், அதைப் பெறுவதற்கு எப்போதும் ஐந்து நாணயங்கள் போட்டு ஆட வேண்டும். எண்களைக் குறித்துக் குலுக்கலுக்குக் காத்திருக்கும் கீனோவை ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறேன்: அதன் விலை நூற்றுக்கு இருபதுக்கும் மேல், நெருங்கவே வேண்டாம்.

விலையோடு வேகத்தையும் பெருக்கிப் பார்க்காவிட்டால் கணக்கு நிறைவு பெறாது. பத்து டாலர் வீதம் மணிக்கு எழுபது ஆட்டம் பிளாக்ஜாக் ஆடுபவர், நல்ல மேசையில் சரியான முறைப்படி ஆடினால், சராசரியாக மணிக்கு மூன்றரை டாலர் கொடுக்கிறார். ஐந்துக்கு ஆறு கொடுக்கும் மேசையில் பதின்மூன்று டாலர். இரட்டைப் பூஜ்ய ரூலெட்டில் அதே பத்து டாலரை மணிக்கு நாற்பது சுற்று வைப்பவர் 21 டாலர் கொடுக்கிறார். பொத்தானை அழுத்தி அழுத்தி, ஒரு டாலர் வீதம்தானே என்று மணிக்கு அறுநூறு சுற்று ஆடுபவர், இயந்திரத்தின் விலை நூற்றுக்குப் பத்தாக இருந்தால், 60 டாலர் இழக்கிறார். ஆகவே கூட்டம் நிறைந்த, மெதுவாக நகரும் மேசையைத் தேடி அமர்வதும், அடிக்கடி எழுந்து நடப்பதும் சிக்கனத்துக்கு உதவும்.

நம்மவர்கள் அதிகமாகச் செல்லும் சிங்கப்பூரைப் பற்றி ஒரு குறிப்பு. 2010-இல் திறக்கப்பட்ட அங்குள்ள இரண்டு விடுதிகளிலும் வெளிநாட்டுப் பயணிகளுக்கு நுழைவு வரி கிடையாது. பிரஜைகளும் நிரந்தரவாசிகளும் 24 மணி நேரத்துக்கு 150 சிங்கப்பூர் டாலர், அல்லது வருஷத்துக்கு 3,000 டாலர் செலுத்த வேண்டும். ஆகையால் அங்கே வாழும் தமிழர் ஒருவர், எந்த மேசையில் அமர்வதற்கு முன்பும், பக்கராவின் பாங்கர் பக்கத்தில் 25 டாலர் வீதம் சுமார் எட்டு மணி நேரம் ஆடினால் சராசரியாக இழக்கக்கூடிய தொகையை வாசலிலேயே கொடுத்துவிடுகிறார். அவர் தேர்ந்தெடுக்கும் ஆட்டம் எவ்வளவு நல்லதாயினும் அந்த 150 டாலரை எந்தக் கணக்கும் மீட்டுத் தராது. தாமாகவே நுழைவைத் தடுத்துக்கொள்ள விரும்புபவர்களும், குடும்பத்தில் ஒருவர் ஆட்டத்தால் வீட்டுக்குக் கேடு விளைவிக்கிறார் என்று கவலைப்படும் மனைவி மக்களும், பிரச்சினைக்குரிய சூதாட்டத்திற்கான தேசிய மன்றத்தில் விண்ணப்பித்துத் தடை ஆணை பெறலாம். ஆணை பெற்றவரை அதன் பிறகு அங்குள்ள எந்த விடுதியும் உள்ளே அனுமதிப்பதில்லை.